ஒரு நாய், இரண்டு பூனை: வளர்ப்புப் பிராணிகளை எண்ணும் சட்டங்கள்

என் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி முறுக்கு என்று ஒரு பூனை இருக்கிறது. வால் நுனி முறுக்கிக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர். சிங்கப்பூர்ப் பூனைகள் பலவற்றுக்கும் வால் அப்படித்தான். அதை வளர்க்கும் அக்கா பல வருடமாக அதை இல்லாத பூனையாகவே வளர்த்தார். குழாய் பார்க்க, மின்சாரம் பார்க்க என்று யாராவது வந்தால் முறுக்கு படுக்கையறைக்குள் போய்விடும், வானொலி கொஞ்சம் சத்தமாக ஒலிக்கும். பூனைக்கான மணலை அரிசிப் பைக்குள் போட்டுத்தான் லிஃப்டில் கொண்டுவருவார். ஒரு தடவை, "என்னக்கா, வாரா வாரம் இவ்வளவு அரிசியா?" என்று கேட்டுவிட்டேன். "விருந்தாளி வந்திருக்காங்க தம்பி" என்றார். அந்த விருந்தாளி இன்னும் ஊர் திரும்பவில்லை.

2024 செப்டம்பர் 1ஆம் தேதி முறுக்குக்குச் சட்டப்படி ஒரு முகவரி கிடைத்தது. அன்றிலிருந்து சிங்கப்பூரில் வீவக என்ற அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கலாம். ஆனால் வீட்டுக்கு இரண்டுதான். ஏன் இரண்டு? ஏன் மூன்று இல்லை? அதுவரை ஏன் பூஜ்யமாக இருந்தது? அக்காவுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க உட்கார்ந்தபோது எனக்கு வந்த கேள்விகள் இவை. தேடிப் பார்த்தால், உலகத்தில் ஏகப்பட்ட ஊர்களில் இப்படித் தலையை எண்ணும் சட்டங்கள் இருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன என்பதை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

எதை எண்ணுகிறார்கள்?

ஒரு நகராட்சியோ வீட்டு வசதி அமைப்போ, 'இந்த ஊரில் ஒரு வீட்டில் இத்தனை நாய், இத்தனை பூனைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது' என்று விதிப்பதுதான் எண்ணிக்கை வரம்பு. இதில் முதலில் கவனிக்க வேண்டியது, கணக்கு ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, பையன் பெயரில் ஒன்று என்று பிரித்துக் காட்டி மூன்று நாய் வைத்துக்கொள்ள முடியாது. ரேஷன் கார்டு மாதிரி, கதவு எண்ணுக்குத்தான் கணக்கு.

அடுத்தது, எந்தப் பிராணி கணக்கில் வரும் என்பது. பெரும்பாலான ஊர்களில் வரம்பு நாய்க்கும் பூனைக்கும்தான். மீன் தொட்டியில் எத்தனை மீன் என்று யாரும் எண்ண வருவதில்லை. குட்டிகளுக்கும் பொதுவாகச் சலுகை உண்டு. பெண் நாய் ஆறு குட்டி போட்ட மறுநாளே அந்த வீடு சட்டத்தை மீறிவிட்டது என்று சொன்னால் அபத்தமாக இருக்கும் அல்லவா? அதனால் பல அமெரிக்க நகரங்களில், குறிப்பிட்ட சில மாத வயது தாண்டிய பிறகுதான் குட்டி தலைக்கணக்கில் சேரும். அதற்குள் வேறு வீடு பார்த்துவிட வேண்டும்.

வரம்பும் உரிமமும் வேறு வேறு. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். உரிமம் என்பது 'இந்த நாய் இந்த வீட்டில் இருக்கிறது' என்ற பதிவு. வரம்பு என்பது 'இதற்கு மேல் கூடாது' என்ற கோடு. உரிமம் இருந்து வரம்பு இல்லாத ஊர்களும் உண்டு, வரம்பை எழுதிவைத்துவிட்டு யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு பதிவும் வைக்காத ஊர்களும் உண்டு. இரண்டாவது வகையில் அந்த வரம்பு காகிதத்தோடு சரி. அண்டை வீட்டுக்காரர் புகார் கொடுக்கும் நாள் வரைக்கும் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

ஏன் எண்ணுகிறார்கள்?

உண்மையில் யாருக்கும் பிராணிகளின் எண்ணிக்கை மேல் கோபம் இல்லை. கோபம் எல்லாம் குரைப்பின் மேல், நாற்றத்தின் மேல், நடைபாதையில் கிடக்கும் கழிவின் மேல். சில நேரம், அந்தப் பிராணி சரியாகச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறதே என்ற கவலையும் இருக்கும். ஆனால் இவற்றை அளப்பது பெரும்பாடு. எவ்வளவு குரைத்தால் அதிகம்? நாற்றத்துக்கு எந்த அளவுகோல்? புகார் கொடுத்தவர் மூக்கா, வளர்ப்பவர் மூக்கா? அதிகாரி வாசலில் நிற்கும்போது பார்த்து நாய் சமர்த்தாக வாயை மூடிக்கொண்டிருக்கும்.

தலையை எண்ணுவது சுலபம். ஒன்று, இரண்டு, மூன்று. அதிகாரிக்குப் பத்து நொடி வேலை. நீதிமன்றத்தில் வாதாடவும் ஒன்றும் இல்லை. அதனால்தான் சட்டம் எழுதுகிறவர்கள், அளக்க முடியாததற்குப் பதிலாக எண்ண முடிந்ததைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இந்தச் சட்டங்களைப் புரியவைத்த சாவி இதுதான். வீட்டுக்கு இரண்டு என்ற எண், இரண்டு பூனைக்கும் மூன்று பூனைக்கும் நடுவில் ஏதோ அறிவியல் கண்டுபிடித்த எல்லை இல்லை. அது அதிகாரியின் வசதிக்காகப் போட்ட கோடு.

இதை அமெரிக்காவில் நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் கார்னெகி என்றொரு சிறிய ஊர். அங்கே வீட்டுக்கு நாய், பூனை சேர்த்து ஐந்துக்கு மேல் கூடாது என்று விதி. அதிகப் பூனைகள் வைத்திருந்த ஒருவர் அபராதத்தை எதிர்த்து வழக்காட, 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஐந்து என்ற வரம்புக்கும் பொதுநலனுக்கும் என்ன தொடர்பு, அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு வழக்கைத் திருப்பி அனுப்பியது. நியாயமான கேள்விதான். ஆனால் மூன்றே வருடத்தில் மின்னசோட்டாவில் கதை நேர்மாறாகப் போனது. சாக் ராபிட்ஸ் நகரத்தில் வீட்டுக்கு இரண்டு நாய் என்று விதி. கீழ் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. நாய் கூடக் கூடச் சத்தமும் நாற்றமும் கூடும் என்று நகரம் நினைத்ததில் தவறில்லை, கோட்டைச் சரியாக எங்கே போட வேண்டும் என்பதை நகரமே முடிவு செய்துகொள்ளலாம், விதி அநியாயம் என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் எதிர்ப்பவர்தான் என்பது அதன் நிலை.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சண்டை எண்ணைப் பற்றியதே இல்லை என்று தெரியும். எண்ணுக்குக் காரணம் சொல்ல வேண்டியது யார் என்பதுதான் சண்டை.

பூஜ்யம் என்ற வரம்பு

வரம்பு பூஜ்யமாகவும் இருக்கலாம். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் 1924இல் நாய் வளர்ப்பதையே தடை செய்தார்கள். நாயிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் ஒருவகை நாடாப்புழு அங்கே அப்போது பெரிய தொல்லை. ஆட்டைக் காக்கிற நாய் அந்த ஆட்டின் உள்ளுறுப்பைத் தின்னும், புழு நாய்க்கு வரும், நாய் வழியாக மனிதனின் ஈரலில் கட்டியாக வளரும். பண்ணையில் நாய் இல்லாமல் முடியாது, நகரத்தில் எதற்கு என்று நினைத்தார்கள் போல. அறுபது வருடம் கழித்து, 1984இல்தான் நிபந்தனைகளோடு தடையைத் தளர்த்தினார்கள். அந்த இடைவெளியில் ஊரெல்லாம் பூனை வளர்ப்பு செழித்தது என்று சொல்வார்கள். நாய் உள்ளே வராத ஊரில் வேறென்ன செய்வது?

சிங்கப்பூரின் பூஜ்யம் பூனைக்கு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் ஒரு வரம்பு பூஜ்யத்திலிருந்து இரண்டுக்கு நகர்ந்தபோது என்னென்ன நடந்தது என்பதை நான் வாசலிலிருந்தே பார்த்தேன்.

சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூன்று பேருக்கு மேல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். அதைத்தான் சுருக்கமாக வீவக என்கிறோம். ஒரே தாழ்வாரத்தில் வரிசையாக வீடுகள், வாசலில் இரும்புக் கதவு, செருப்பு அடுக்கு, நாலு தொட்டிச் செடி. பக்கத்து வீட்டில் சம்பல் வதக்கினால் நமக்குத் தும்மல் வரும். இப்படி நெருக்கி வாழும் இடத்தில் ஒரு வீட்டின் பிராணி எல்லோருடைய பிராணியும்தான்.

அந்த நெருக்கத்தைக் காரணம் காட்டித்தான் 1989லிருந்து வீவக வீடுகளில் பூனைக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. பூனையை வீட்டுக்குள் அடக்கி வைப்பது கஷ்டம், வெளியே திரிந்தால் முடி உதிர்க்கும், பொது இடத்தில் அசுத்தம் செய்யும், இரவில் ஊளையிட்டு அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். பூனை வளர்த்தவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். நாயைவிடப் பூனை சத்தமா? ஆனால் நாய்க்கு அனுமதி இருந்தது! மீறினால் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்க இடமிருந்தது.

சரி, தடை போட்டதும் பூனைகள் வீட்டை விட்டுப் போய்விட்டனவா? மறைந்துகொண்டன, அவ்வளவுதான். எங்கள் தாழ்வாரத்தில் மட்டும் முறுக்கைச் சேர்த்து மூன்று பூனை எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். இந்த மறைவுக்கு ஒரு விலை உண்டு. பூனை தொலைந்துபோனால் சுவரொட்டி ஒட்டப் பயம். ஜன்னலுக்குக் கம்பிவலை போட்டால் 'ஏன் வலை?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வலை போடாமல் விடுவது. ஒன்பதாவது மாடியில் வலை இல்லாத ஜன்னல் என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்காவிடம் முறுக்குக்கு முன்னால் ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2012இல் சோங் பாங் வட்டாரத்தில் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. அங்குள்ள வீவக வீடுகளில் சில நிபந்தனைகளோடு பூனை வளர்க்கலாம் என்றார்கள். கருத்தடை செய்திருக்க வேண்டும், அடையாளம் காட்டும் மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் பொருத்தியிருக்க வேண்டும், வீட்டை விட்டு வெளியே திரியவிடக் கூடாது. அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அப்போது சட்ட அமைச்சராக இருந்த கா. சண்முகம். விலங்கு நலத்தில் அக்கறை உள்ளவர் என்று பெயரெடுத்தவர். அதற்குப் பிறகும் பத்து வருடம் ஓடியது. 2022இல், விலங்கு விவகாரங்களையும் கவனிக்கும் தேசியப் பூங்காக் கழகம் மக்களிடம் கருத்துக் கேட்டபோது 30,000 பேருக்கு மேல் பதில் சொன்னார்கள். அதில் பத்தில் ஒன்பது பேர், வீவக வீடுகள் உட்பட, பூனை வளர்க்க ஏற்ற பிராணிதான் என்றார்கள். 2024 செப்டம்பரில் விதி மாறியது.

இப்போது கணக்கு இப்படி: வீவக வீட்டில் இரண்டு பூனை, அதோடு அனுமதிக்கப்பட்ட இனத்தில் ஒரு நாய். தனியார் வீடுகளில் நாய், பூனை எப்படிக் கலந்தாலும் மொத்தம் மூன்று. பூனைக்கு மைக்ரோசிப் கட்டாயம், உரிமம் கட்டாயம். முதல் தடவை விண்ணப்பிப்பவர் பிராணி வளர்ப்பு பற்றிய ஓர் இலவச இணையப் பாடத்தை முடிக்க வேண்டும். பூனை விழுந்துவிடாமலும் வெளியே ஓடிவிடாமலும் வீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும், அதாவது ஜன்னலுக்கும் கதவுக்கும் வலை.

அந்தப் பாடத்தை அக்காவுக்காக நான்தான் கைப்பேசியில் திறந்து வைத்தேன். பூனைக்குத் தினமும் புதுத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று திரையில் வந்ததும், "இதை இவ்வளவு வருஷமா யாரு வச்சாங்களாம்?" என்று முறுக்கைப் பார்த்துக் கேட்டார். அது வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டது.

ஏற்கெனவே நான்கு பூனை வைத்திருந்தால்?

எந்த ஊரில் வரம்பு கொண்டுவந்தாலும் முதலில் முட்டிக்கொண்டு வரும் கேள்வி இதுதான். நேற்று வரை தவறில்லாதது, இன்று கோடு போட்டதும் தவறாகிவிடுகிறது. அதற்காக இரண்டு பூனையைக் கொண்டுபோய்த் தெருவில் விடச் சொல்லவா முடியும்?

வழக்கமான தீர்வு, இருப்பதை இருக்க விடுவது. சட்டம் வந்த நாளில் வீட்டில் இருந்தவற்றைப் பதிவு செய்துவிட்டால், அவை உயிரோடு இருக்கும் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று கொண்டுவரக் கூடாது. வருடங்கள் போகப் போக எண்ணிக்கை தானாக வரம்புக்குள் வந்துவிடும். சிங்கப்பூரும் இதைத்தான் செய்தது. 2026 ஆகஸ்ட் 31 வரை இரண்டு வருட மாறுதல் காலம் வைத்து, அதற்குள் விண்ணப்பித்தால் வரம்புக்கு மேல் உள்ள பூனைகளையும் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கருத்தடை செய்த பூனைக்கு அந்தக் காலத்தில் உரிமக் கட்டணமும் இல்லை. குறைந்த வருமானக் குடும்பங்களின் பூனைகளுக்கு மைக்ரோசிப்பும் கருத்தடையும் செய்துகொடுக்கத் தனியாக ஓர் உதவித் திட்டம் வைத்தார்கள். மாறுதல் காலம் முடிந்த பிறகு உரிமம் இல்லாத பூனை வைத்திருப்பது குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதம்.

என் பார்வையில் இந்த மாறுதல் காலம்தான் முழுத் திட்டத்திலும் புத்திசாலித்தனமான பகுதி. முப்பத்தைந்து வருடம் ஒளிந்திருந்தவர்களை வெளியே வரவைக்க வேண்டுமென்றால் முதலில் பயத்தை எடுக்க வேண்டும். வெளியே வந்தால்தான் எண்ண முடியும். பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டு ஒன்றையும் எண்ணாமல் இருந்ததைவிட, இரண்டு என்று சொல்லி எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றுவது கட்டுப்பாடு கூடியதுதானே? பூனைப் பிரியர்கள் இதைத் தங்கள் வெற்றி என்று கொண்டாடினார்கள். அதிகாரிகளுக்கும் அது வெற்றிதான் என்பது என் எண்ணம்.

நாயை டேப் வைத்து அளப்பது

பூனைக்குத் தலையை எண்ணினால் போதும். நாய்க்கு அது போதாது, ஏனென்றால் ஒரு குட்டி சிவாவாவும் ஒரு பிரம்மாண்டமான கிரேட் டேனும் தலைக்கணக்கில் ஒன்றுதான். அதனால் பல ஊர்களில் எண்ணோடு அளவும் சேரும். பெய்ஜிங்கின் 2003ஆம் வருட விதிப்படி நகரின் முக்கியப் பகுதிகளில் வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் 35 சென்டிமீட்டர் உயரத்துக்குள். ஷாங்காயிலும் 2011லிருந்து வீட்டுக்கு ஒன்று.

சிங்கப்பூர் வீவக வீட்டில் ஒரு நாய், அதுவும் 62 சிறிய இனங்கள் கொண்ட பட்டியலில் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தப் பட்டியலால் அடிபட்டது யார் என்றால், இந்த ஊரின் சொந்த நாய்தான். தெருவில் பிறந்த கலப்பின நாய்களை இங்கே செல்லமாக சிங்கப்பூர் ஸ்பெஷல் என்பார்கள். இறக்குமதி செய்த குட்டி நாய்க்குப் பட்டியலில் இடமுண்டு, மண்ணின் மைந்தனுக்கு இல்லை. 2012இல் ஒரு தனித் திட்டம் தொடங்கித்தான், விலங்கு நல அமைப்புகள் வழியாக இந்தக் கலப்பின நாய்களை வீவக வீடுகளுக்குத் தத்துக் கொடுக்க வழி செய்தார்கள். முதலில் தோள் உயரம் 50 சென்டிமீட்டர், எடை 15 கிலோ என்று வரம்பு. ஒரு நாய் மூன்று வேளை நன்றாகச் சாப்பிட்டுச் சட்ட விரோதமாகிவிடக் கூடாது என்று யாராவது யோசித்தார்களோ என்னவோ, 2020இல் எடை வரம்பை எடுத்துவிட்டு உயரத்தை 55 சென்டிமீட்டர் ஆக்கினார்கள். பழைய எல்லையில் தத்துக் கிடைக்காமல் ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் தவறிப்போன நாய்களுக்கு அந்த ஐந்து சென்டிமீட்டர் ஒரு வீடு.

உரிமக் கட்டணத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கருத்தடை செய்த நாய்க்கு வருடத்துக்கு 15 வெள்ளி, செய்யாத நாய்க்கு 90 வெள்ளி. வரம்பு சொல்லாததை இந்தக் கட்டணம் சொல்கிறது. இன்று வீட்டில் எத்தனை என்பதோடு, நாளைக்கு எத்தனை ஆகும் என்பதும் முக்கியம். ஜோடிப் பூனையோ ஜோடி நாயோ வைத்திருப்பவருக்கு இது நன்றாகவே தெரியும். ஆறு மாதத்தில் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

எண்ணிக்கையில் சிக்காதவை

இந்தச் சட்டங்களுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் எனக்கு நியாயமாகப் படுவது ஒன்று. ஒரே நாயை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கட்டிப்போட்டுக் குரைக்க விடுகிறவர் சட்டத்துக்குள் இருக்கிறார். வயதான ஐந்து பூனைகளைச் சத்தமில்லாமல், வாசமில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற ஆசிரியை சட்டத்தை மீறுகிறார். கோடு தவறான ஆளைப் பிடிக்கிறது.

இன்னொரு சிக்கல் காப்பாற்றுகிறவர்களுக்கு. தெருவில் அடிபட்ட பூனையை இரண்டு மாதம் வைத்துத் தேற்றி வேறு வீட்டுக்குக் கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களிடம் எப்போது போனாலும் எண்ணிக்கை கூடத்தான் இருக்கும். அவர்களுக்கு விதிவிலக்கு இல்லாத ஊரில் வரம்பு போட்டால், காப்பகங்களில் கூட்டம் கூடும். அதே நேரம், காப்பாற்றுகிறேன் என்று தொடங்கி நாற்பது பூனைகளைச் சேர்த்துவைத்து, ஒன்றுக்கும் சரியாகச் சாப்பாடோ வைத்தியமோ பார்க்க முடியாமல், ஆனால் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவும் மனமில்லாமல் கிடப்பவர்களும் உண்டு. இது ஒருவகை மனநலச் சிக்கல். வரம்பு இருந்தால் அந்த வீட்டுக் கதவைச் சீக்கிரம் தட்ட முடியும் என்பது சட்டத்தை ஆதரிப்பவர்களின் வாதம். அதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் கதவைத் தட்டி அபராதச் சீட்டு மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் நாற்பது நாற்பத்தொன்று ஆகும். இது என் சந்தேகம்.

தலைகீழாக யோசித்த நாடும் உண்டு. சுவிட்சர்லாந்தின் 2008ஆம் வருட விலங்குப் பாதுகாப்பு விதிகள், கூட்டமாக வாழும் இயல்புள்ள பிராணியைத் தனியாக வைக்கக் கூடாது என்கின்றன. கினிப் பன்றி வளர்ப்பதென்றால் குறைந்தது இரண்டு வேண்டும். கிளிக்கும் அப்படித்தான். மற்ற ஊர்களின் எண் மனிதனின் காதையும் மூக்கையும் நினைத்துப் போட்டது. இந்த எண் மட்டும் கினிப் பன்றியின் தனிமையை நினைத்துப் போட்டது.

நம் ஊர்ப் பக்கம்

இந்தியாவில் இந்த விஷயம் ஊருக்கு ஊர் மாறும். பெங்களூரு மாநகராட்சி 2018இல் அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு நாய், தனி வீட்டுக்கு மூன்று என்று விதி கொண்டுவந்தது. அடுக்குமாடியில் எந்தெந்த இனம் வளர்க்கலாம் என்று ஒரு பட்டியலும் போட்டது. நாட்டு நாயின் கதி என்ன என்று எதிர்ப்பு கிளம்ப, அது நிறுத்திவைக்கப்பட்டது. சண்டிகரில் வழி வேறு. அங்கே வீட்டுமனை எவ்வளவு பெரியதோ அதற்கேற்ப நாய்களின் எண்ணிக்கை கூடும். சின்ன மனைக்கு ஒன்று, பெரிய மனைக்கு நான்கு வரை. இடத்தையும் எண்ணையும் சேர்த்துப் பார்ப்பது கொஞ்சம் அறிவான வழியாகத் தோன்றலாம். ஆனால் பெரிய மனைக்காரர் அன்பாக வளர்ப்பார், சின்ன வீட்டுக்காரர் வளர்க்கமாட்டார் என்றும் அதைப் படிக்கலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் தன் இஷ்டத்துக்குப் போடும் விதி வேறு, மாநகராட்சி சட்டப்படி போடும் விதி வேறு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'எங்கள் குடியிருப்பில் நாய் கூடாது' என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு நோட்டீஸ் ஒட்டுவது நம் ஊரில் சகஜம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரும்பான்மை இருந்தாலும் சங்கம் அப்படித் தடை போட முடியாது. வளர்ப்பவரும் சும்மா இருந்துவிட முடியாது. கழிவை அள்ளுவது, தடுப்பூசி போடுவது, மற்றவர்களுக்குத் தொல்லையில்லாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

ஆகவே உங்கள் ஊரில் யாராவது 'இதற்கு மேல் வளர்க்கக் கூடாது' என்று சொன்னால், அந்த விதியை எழுத்தில் கேளுங்கள். யார் போட்டது, எந்த வருடம், ஆளுக்கா வீட்டுக்கா, குட்டி சேருமா, ஏற்கெனவே இருப்பவற்றுக்கு என்ன வழி, தற்காலிகமாக வைத்துக் காப்பாற்றுகிறவருக்கு விலக்கு உண்டா என்று பாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரோடு போட்ட ஒப்பந்தத்தையும் ஒரு தடவை பாருங்கள். சட்டம் மூன்றுக்கு அனுமதி கொடுத்தாலும், ஒப்பந்தத்தில் ஒன்றும் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் நிலை பலவீனம்தான்.

முறுக்கின் உரிமம் மின்னஞ்சலில் வந்த அன்று சாயங்காலம் அக்கா கடைக்குப் போய்க் கம்பிவலையும் ஒரு கட்டு பிளாஸ்டிக் பட்டைகளும் வாங்கிவந்தார். சமையலறை ஜன்னல் கம்பிகளில் வலையை விரித்து, ஒரு விரல் இடைவெளி விட்டுப் பட்டையைக் கோத்து இறுக்கிக்கொண்டே போனோம். வெட்டிய நுனிகள் கூர்மையாக இருந்தால் பூனையின் மூக்கில் குத்தும் என்று ஒவ்வொன்றையும் வெளிப்பக்கம் திருப்பிவிடச் சொன்னார். எல்லாம் முடிந்து பார்த்தால், முறுக்கு தாழ்வாரத்தில் செருப்பு அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. வலை போடும் மும்முரத்தில் வாசல் கதவைச் சாத்த மறந்திருக்கிறோம். எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுப் பையன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஆண்டி, இது உங்களோடதா?" என்று கேட்டான். "ஆமா, என்னோடதுதான்" என்றார் அக்கா, தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி.